டாஸ்க் மேனேஜர் காட்டிய குற்றவாளி: ஆன்டிவைரஸும் சிபியுவும் பற்றிய அறிவுரைகள் மீது ஒரு விமர்சனம்

2021-ல் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் கரூரிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். அங்கே சின்னதாக ஒரு ஜவுளி ஆர்டர் ஆபீஸ் வைத்திருக்கிறான். "மச்சான், கம்ப்யூட்டர் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது. பில் போட முடியல. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா ஆன்டிவைரஸ் மட்டும் 60 பர்சன்ட் எடுக்குது. என்ன பண்ண?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையில் போன். "செட்டிங்ஸ்ல எக்ஸ்குளூஷன்னு ஒண்ணு இருக்கும் மாப்ள. அதுல சி டிரைவையே சேர்த்துவிட்டுடு" என்றேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். "சூப்பர் மச்சான், அடங்கிடுச்சு."

அவ்வளவுதான். இருபது வருஷம் மென்பொருள் எழுதுகிற ஒருவன் சொன்ன அறிவுரை அது. அந்த ஆபீஸில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ராத்திரி நான் சொன்னது எனக்கே உறைத்த பிறகுதான், இந்த விஷயத்தில் புழங்குகிற அறிவுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். நான் செக்யூரிட்டி நிபுணன் இல்லை. ஆனால் ஒரு நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுவது என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடு பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: கிட்டத்தட்ட எல்லா அறிவுரைகளும் "ஆன்டிவைரஸை எப்படிக் கம்மியாக வேலை செய்ய வைப்பது" என்று கேட்கின்றன. "அதற்கு யார் இவ்வளவு வேலை கொடுக்கிறார்கள்" என்று கேட்பதில்லை.

விண்டோஸோடு கூடவே வருவது என்பதால் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரை எடுத்துக்கொள்கிறேன். டாஸ்க் மேனேஜரில் "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" என்று தெரிவது அதுதான். உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர் எம்எஸ்எம்பிஎங்.எக்ஸி.

ஐந்து அறிவுரைகள்

முதல் அறிவுரை: ரியல் டைம் புரொடெக்ஷனை ஆஃப் பண்ணு. பண்ணலாம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திரும்ப ஆன் ஆகிவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உடனே அடுத்த கட்டமாக, ரெஜிஸ்ட்ரியில் போய் "டிஸேபிள்ஆன்டிஸ்பைவேர்" என்று ஒரு மதிப்பைச் சேர்க்கச் சொல்வார்கள். 2020 ஆகஸ்டில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சாதாரண விண்டோஸ் 10 மெஷின்களில் டிஃபென்டர் அந்த மதிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. வேலை செய்யாத ஒரு மருந்து இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கிறது. எழுதுகிறவர் யாரும் தன் மெஷினில் செய்து பார்த்துவிட்டு எழுதவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது: எம்எஸ்எம்பிஎங்.எக்ஸி-யையே எக்ஸ்குளூஷன் பட்டியலில் சேர். ஆன்டிவைரஸ் தன்னைத்தானே ஸ்கேன் செய்து சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை வெட்டிவிடுகிறோம் என்பது இதன் பின்னால் இருக்கும் கற்பனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிராசஸை விலக்குவது என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பிராசஸ் திறக்கிற ஃபைல்களை ஸ்கேன் செய்யாதே என்று அர்த்தம். இங்கே வேலைப் பளு வருவது மற்ற நிரல்கள் திறக்கிற ஃபைல்களால். பிரவுசர், கணக்கு மென்பொருள், பேக்கப், கம்பைலர் எல்லாம் திறப்பது வழக்கம்போல ஸ்கேன் ஆகிக்கொண்டேதான் இருக்கும். செய்து முடித்ததும் ஃபேன் சத்தம் அடங்கியிருந்தால், பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த ஸ்கேன் அதுவாகவே முடிந்திருக்கும். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கும்போது யார் கடைசியாக மந்திரித்தாரோ அவருக்குத்தானே பெயர்!

மூன்றாவது: டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, டிஃபென்டரின் ஷெட்யூல்டு ஸ்கேனில் "ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" டிக்கை எடு, கண்டிஷன்ஸ் பக்கத்தில் எல்லா டிக்கையும் எடு. இதுதான் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் பட்டது. முதல் டிக்கால் ஸ்கேன் லேசாகாது. ஸ்கேன் செய்வது அந்த டாஸ்க் இல்லை, பின்னணியில் சிஸ்டம் உரிமையோடு ஓடுகிற சர்வீஸ். டாஸ்க் வெறும் மணி அடிக்கிற ஆள். கண்டிஷன்ஸ் பக்கமோ இதற்கு நேர் எதிர். மெஷின் சும்மா இருக்கும்போது ஓடு, கரண்டில் சொருகியிருக்கும்போது ஓடு என்று நிபந்தனை போடுகிற பக்கம் அது. நீங்கள் வேலை செய்யும்போது தொந்தரவு வரக் கூடாது என்றால் அந்த நிபந்தனைகள் வேண்டும். அவற்றை எடுப்பது, வாசலில் நின்று "அப்புறம் வாங்க" என்று சொல்கிற வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்புவது மாதிரி.

நான்காவது: சிபியு லிமிட்டைக் குறை. "ஸ்கேன்ஆவ்ஜிசிபியுலோட்ஃபேக்டர்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இயல்பாக 50. அதை 20, 10 என்று குறைக்கச் சொல்வார்கள். ஐந்தில் இது ஒன்றுதான் உண்மையிலேயே ஏதோ செய்கிறது. ஆனால் என்ன செய்கிறது என்பதில் நான்கு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, அது கறாரான எல்லை இல்லை, சராசரியாக அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்கிற வழிகாட்டுதல். இரண்டு, அது ஷெட்யூல்டு ஸ்கேனுக்கு மட்டும். ஃபைல் திறக்கும்போது நடக்கிற ரியல் டைம் சோதனைக்குப் பொருந்தாது. மூன்று, நீங்களே பட்டனை அமுக்கி ஆரம்பிக்கிற ஸ்கேன் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. நான்கு, மெஷின் சும்மா இருக்கும்போது நடக்கிற ஷெட்யூல்டு ஸ்கேனுக்கும் இயல்பாக இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் டீ குடித்துவிட்டு வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 70% என்று நிற்கும். உடனே ஒரு போட்டோ எடுத்து "பாருங்க அநியாயத்தை" என்று வாட்ஸப் குரூப்பில் போடுவோம். நாம் இல்லாத நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை, நாம் திரும்பி வந்த நொடியில் பிடித்திருக்கிறோம்.

ஐந்தாவது நான் சொன்னது: டிரைவையே விலக்கு. இதற்கு விளக்கம் தேவையில்லை. மைக்ரோசாஃப்டே "இவற்றையெல்லாம் விலக்காதீர்கள்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சி டிரைவ், டெம்ப் ஃபோல்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஜாவா, பைதான், பவர்ஷெல் மாதிரியான பிராசஸ்களையும் விலக்க வேண்டாம் என்கிறது. நாம் ஆசை ஆசையாக விலக்குவதெல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

யார் கேட்கிறார்கள்?

சரி, ஆன்டிவைரஸ் என்னதான் செய்கிறது? ஒரு நிரல் ஃபைலைத் திறக்கக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கை நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. நடுவில் விண்டோஸ் கெர்னலில் ஃபில்டர் மேனேஜர் என்று ஒன்று. அதில் வரிசையாக ஃபில்டர் டிரைவர்கள் உட்கார்ந்திருக்கும். யார் மேலே, யார் கீழே என்பதற்கு "ஆல்டிட்யூட்" என்று ஒரு எண் உண்டு. மைக்ரோசாஃப்ட்தான் ஒதுக்குகிறது. ஆன்டிவைரஸ்களுக்கு 320000-லிருந்து 329998 வரை. டிஃபென்டரின் டபிள்யூடிஃபில்டர் டிரைவருக்கு 328010. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எல்டிஎம்சி என்று அடித்தால் உங்கள் மெஷினில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அந்த ஃபில்டர் கோரிக்கையை நிறுத்தி வைத்து, மேலே இருக்கும் சர்வீஸிடம் "இதைப் பார்த்துச் சொல்லு" என்று கேட்கிறது. அது பார்த்துச் சொன்ன பிறகுதான் ஃபைல் திறக்கும். ஏற்கெனவே பார்த்த ஃபைல், மாறவில்லை என்றால் நினைவில் வைத்துக்கொண்டு விட்டுவிடும். புது ஃபைல், மாறிய ஃபைல், புது சிக்னேச்சர் வந்த பிறகு வருகிற ஃபைல் என்றால் திரும்பப் பார்க்கும். ஜிப் என்றால் பிரிக்கும். பேக் செய்த நிரல் என்றால் ஒரு போலிக் கணினிக்குள் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கிப் பார்க்க உள்ளேயே ஒரு இன்டர்பிரட்டர் இருக்கிறது. 2017 மே மாதம் கூகுளின் டாவிஸ் ஓர்மண்டியும் நடாலி சில்வனோவிச்சும் டிஃபென்டரில் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தது அந்த இடத்தில்தான். அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரை சாண்ட்பாக்ஸுக்குள் ஓட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஆக, "ஆன்டிவைரஸே ஒரு ஆபத்து" என்று சொல்கிறவர்கள் வெறும் வம்புக்குச் சொல்லவில்லை. ஆனால் அது வேறு வாதம், சிபியு வாதம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு பட்டியலை வைத்து டக்கென்று ஒப்பிட்டுவிட முடியாதா? முடியாது. ஃபிரெட் கோஹன் 1984-லேயே நிரூபித்துவிட்டார்: ஒரு நிரல் வைரஸா இல்லையா என்று எல்லா நிரல்களுக்கும் பிழையில்லாமல் சொல்லக்கூடிய நிரல் என்று ஒன்று இருக்கவே முடியாது. எனவே எல்லா ஆன்டிவைரஸும் ஊகம்தான். ஊகம் சரியாக வர வேண்டும் என்றால் நேரம் செலவாகும். சிபியு செலவே இல்லாத ஆன்டிவைரஸ் என்று யாராவது விளம்பரம் செய்தால், அது எதைப் பார்க்காமல் விடுகிறது என்று கேளுங்கள்.

இந்த அமைப்பைப் பார்த்தால் ஒன்று புரியும். ரியல் டைம் சோதனை தானாக எதையும் ஆரம்பிப்பதில்லை. யாரோ ஃபைலைத் திறந்தால்தான் அதற்கு வேலை. ஒரு பேக்கப் நிரல் நிமிஷத்துக்கு ஒரு தரம் முழு ஃபோல்டரையும் துழாவிக்கொண்டிருந்தால், அந்தத் துழாவலின் செலவில் பாதி ஆன்டிவைரஸ் கணக்கில்தான் எழுதப்படும். பேக்கப் நிரல் 2% காட்டி நல்ல பிள்ளையாக இருக்கும். ஹோட்டலில் சாப்பிட்டவன் ஒருத்தன், பில் இன்னொருத்தன் பெயரில் வந்த கதை.

60% வலிக்காது, 6% வலிக்கும்

டாஸ்க் மேனேஜரின் சதவீதத்தை நாம் படிக்கிற விதத்திலேயே கோளாறு இருக்கிறது. அது எல்லா லாஜிக்கல் பிராசசரையும் சேர்த்துக் கணக்கிடும் எண். எட்டு லாஜிக்கல் பிராசசர் உள்ள மெஷினில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினால் 12.5%. பதினாறு இருந்தால் 6.25%. ஆகவே 12 அல்லது 6 என்று அசையாமல் நிற்கிற எண்ணைப் பார்த்தால் "கம்மிதானே" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு திரெட் எங்கோ மாட்டிக்கொண்டு சுற்றுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் காத்திருப்பு. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் லேப்டாப்பில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்ட் போட்டிருந்தார்கள். எங்கள் புராஜெக்ட்டை பில்டு செய்ய ஏழு நிமிஷம் ஆகும். டாஸ்க் மேனேஜரில் அந்த ஏஜென்ட் 6 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. ஐடி டீமிடம் போனால், "சார், ஆறு பர்சன்ட்தான் எடுக்குது, அது காரணமா இருக்காது" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். மூன்று டிக்கெட் அப்படி மூடினார்கள். பதினாறு லாஜிக்கல் பிராசசர் உள்ள மெஷின் அது என்று சொன்னால் உங்களுக்கே இப்போது புரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒன்றில் பேக்கேஜ் நிறுவினால் 40,000 சின்ன ஃபைல்கள் எழுதப்படுகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் பார்க்க 5 மில்லிசெகண்ட். மொத்தம் 200 செகண்ட், அதாவது மூன்று நிமிஷம் இருபது செகண்ட். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் இந்த நேரம் முழுக்க உங்கள் நிரல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சிபியு மீட்டரோ சாந்தமாகவே இருக்கும். மறுபக்கம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேன் 60% எடுத்துவிட்டு நீங்கள் வந்ததும் விலகிவிட்டால், உங்களுக்கு நஷ்டம் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஆக, 60% என்பது வியாதி இல்லாமல் இருக்கலாம், 6% வியாதியாக இருக்கலாம். நாம் அளப்பது ஒன்று, நமக்கு வலிப்பது இன்னொன்று.

ஐந்து வருஷம் திறந்திருந்த ஒரு பிழை

இதற்கெல்லாம் நல்ல உதாரணம் ஃபயர்ஃபாக்ஸ் விவகாரம். 2018-ல் மொஸில்லாவின் பிழைப் பட்டியலில் ஒரு புகார் பதிவானது. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது எம்எஸ்எம்பிஎங்.எக்ஸி சிபியுவை ஏகத்துக்குச் சாப்பிடுகிறது, குரோமில் அப்படி இல்லை என்று. அது தீர்ந்தது 2023-ல். நடுவில் ஐந்து வருஷம், மேலே சொன்ன அறிவுரைகள்தான் எங்கும் ஓடின. ஒரு கோஷ்டி ஃபயர்ஃபாக்ஸைத் திட்டியது, இன்னொரு கோஷ்டி மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்டியாளரை அமுக்குகிறது என்றது.

கடைசியில் மொஸில்லாவின் யானிஸ் ஜுக்லாரே உட்கார்ந்து அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. டிஃபென்டர் ஃபைல்களை மட்டும் பார்ப்பதில்லை. ஓடுகிற நிரல்களின் நடத்தையையும், ஈடிடபிள்யூ என்கிற விண்டோஸின் நிகழ்வுப் பதிவு வழியாகக் கவனிக்கிறது. நினைவகத்தின் ஒரு பகுதியை "இதில் எழுதலாம்", "இதை இயக்கலாம்" என்று மாற்றுகிற வர்ச்சுவல்புரொடெக்ட் என்ற அழைப்பும் அந்தக் கவனிப்பில் வரும். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் மாதிரி ஓடும்போதே மெஷின் கோடு தயாரிக்கிற எதற்கும் இந்த அழைப்பு தேவைப்படும். ஃபயர்ஃபாக்ஸ் அதை மிக அதிகமாகப் பயன்படுத்தியது. அப்படி வருகிற ஒவ்வொரு நிகழ்வுக்கும் டிஃபென்டர் தேவைக்கு மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தைத் திருத்தியதும், ஃபயர்ஃபாக்ஸைக் கண்காணிக்கும்போது டிஃபென்டர் எடுக்கும் சிபியு சுமார் 75% குறையும் என்று மொஸில்லா தரப்பில் சொன்னார்கள்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது, இந்தப் பிரச்சினை ஃபைல் ஸ்கேன் சம்பந்தப்பட்டதே இல்லை. ஃபோல்டரை விலக்கினாலும், ஷெட்யூலை மாற்றினாலும், லிமிட்டைக் குறைத்தாலும் இதற்குச் சம்பந்தம் கிடையாது. ஐந்து வருஷம் ஜனங்கள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஒருத்தர் அதிகமாகக் கேட்டார், இன்னொருத்தர் ஒவ்வொரு கேள்விக்கும் அதிகமாகச் செலவழித்தார். "யார் குற்றவாளி" என்ற கேள்வியை விட்டு "எந்த அழைப்பு, எத்தனை தரம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு" என்று கேட்ட ஆள் வந்த பிறகுதான் விடை கிடைத்தது.

தயாரித்தவர்கள் மீதும் ஒரு குறை

ஜனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. என் மச்சினன் என்ன பண்ணுவான்? திரையில் தெரிவது ஒரு பெயரும் ஒரு சதவீதமும். ஏன் இவ்வளவு, எந்த ஃபைலால், எந்த நிரலால் என்று ஒரு வார்த்தை இல்லை.

சொல்லும் கருவி இல்லாமல் இல்லை. டிஃபென்டரில் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் என்று ஒன்று இருக்கிறது. அட்மின் உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து, நியூ-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரெக்கார்டிங் என்ற கட்டளையால் பதிவை ஆரம்பித்து, மெஷின் திணறுகிற வேலையை ஓட்டிவிட்டு, பதிவை நிறுத்தி, கெட்-எம்பிபெர்ஃபார்மன்ஸ்ரிப்போர்ட் கட்டளையால் அறிக்கை கேட்டால், எந்த ஃபைல்கள், எந்த ஃபோல்டர், எந்த எக்ஸ்டென்ஷன், எந்தப் பிராசஸ் ஸ்கேனுக்கு அதிக நேரம் எடுத்தன என்று வரிசையாகக் காட்டும். அருமையான கருவி. மச்சினனுக்குத் தேவையான விடை அச்சு அசலாக அதில்தான் இருக்கும். ஆனால் அதை அவன் கையில் கிடைக்காத இடத்தில் வைத்திருக்கிறார்கள். விலக்கு சேர்க்கும் பட்டனோ செட்டிங்ஸில் நாலு கிளிக்கில் இருக்கிறது. காவலை எடுப்பது சுலபம், காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இப்படி ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, குடியிருப்பவர் சுவரை இடித்துவிட்டார் என்று புகார் சொல்லக் கூடாது.

நல்லது நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2023-ல் விண்டோஸ் 11-ல் டெவ் டிரைவ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். டெவலப்பர்களுக்கான தனி வால்யூம். குறைந்தது 50 ஜிபி வேண்டும். அதில் டிஃபென்டர் "பெர்ஃபார்மன்ஸ் மோடு" என்ற முறையில் வேலை செய்யும். ஃபைல் திறப்பதை நிறுத்தி வைக்காமல், திறக்க விட்டுவிட்டுப் பின்னால் சோதிக்கும். பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது, ஆனால் முழுக்க விலக்குவதைவிட எவ்வளவோ மேல். நேரம் போவது சிபியுவில் இல்லை, காத்திருப்பில் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரிதான் இதை நான் பார்க்கிறேன்.

அப்போ என்ன செய்யலாம்?

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் நான் கேட்கிற கேள்விகள் இந்த வரிசையில் இருக்கும்.

எப்போது ஏறுகிறது? மெஷின் சும்மா இருக்கும்போது ஏறி, தொட்டதும் இறங்குகிறது என்றால் அது ஷெட்யூல்டு ஸ்கேன். ஒன்றும் பண்ணாதே. ஒரு முழு ஸ்கேனை ராத்திரி ஓடவிட்டு முடியவிடு.

மெஷினில் எத்தனை ஆன்டிவைரஸ்? சாதாரண விண்டோஸில் வேறொன்றைப் போட்டால் டிஃபென்டர் தானாக ஒதுங்கிவிடும். விண்டோஸ் சர்வரில் அப்படித் தானாக ஒதுங்காது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எஃப்எல்டிஎம்சி பட்டியலில் 32-ல் ஆரம்பிக்கிற ஆறு இலக்க எண்ணில் இரண்டு கம்பெனி தெரிந்தால் விசாரிக்க ஆரம்பிக்கலாம். அது தடயம் மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

எந்த வேலை செய்யும்போது ஏறுகிறது? அந்த வேலையை ஓட்டிக்கொண்டே பெர்ஃபார்மன்ஸ் அனலைசரில் பதிவு செய். மேலே வருகிற முதல் மூன்று பெயர்களைப் பார். பல சமயம் விடை அங்கேயே இருக்கும்: நோண்டிக்கொண்டே இருக்கும் பேக்கப், ஜிபி கணக்கில் வளர்ந்துபோன ஒரு லாக் ஃபைல், யாரோ டெஸ்க்டாப்பில் போட்டு மறந்த பெரிய ஜிப்.

அதைச் சரிசெய்ய முடியுமா? பேக்கப்பை ராத்திரிக்கு மாற்று. லாகைச் சுருட்டு. முடியவில்லை என்றால்தான் விலக்கு. அதுவும் அந்த ஒரு ஃபோல்டர், அந்த ஒரு காரணத்துக்காக, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டு. ஆறு மாசம் கழித்து "இது எதுக்குப் போட்டோம்" என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத விலக்கை எடுத்துவிடு.

கடைசியாக ஒன்று. எரிகிற எண்ணைப் பார்த்து எதையும் அணைக்காதே.

கரூர்

2024 பொங்கலுக்குப் போயிருந்தோம். மாட்டுப் பொங்கல் அன்று ஆபீஸ் லீவு. "மச்சான், அந்த கம்ப்யூட்டர் மறுபடி கத்த ஆரம்பிச்சிருச்சு. புதுசு வாங்கலாமான்னு பார்க்கறேன். ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு எட்டு மாசமிருக்கும். ஆன்டிவைரஸ்தானேன்னு விட்டுட்டேன். நீங்கதான் அப்பவே சொன்னீங்களே, அது அப்படித்தான் திங்கும்னு."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஆன்டிவைரஸ் ஒரு சதவீதம்கூட இல்லை. விண்டோஸ் சர்வீஸ் மாதிரியே பெயர் வைத்துக்கொண்ட வேறொன்று 70 சதவீதத்தில் நின்றது. யூசர் ஃபோல்டருக்குள்ளே ஆழமான ஓரிடத்தில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. மோனீரோ தோண்டுகிற நிரல். யாரோ முகம் தெரியாதவனுக்காக எட்டு மாசம் கரூர் கரண்ட் பில்லில் காசு தோண்டியிருக்கிறது. எக்ஸ்குளூஷன் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. சி டிரைவ். நான் போன் வழியாக எழுதிய வரி.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வகையறா அது இல்லை என்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். அவனுடைய ஆறு வருஷக் கணக்கு அந்த ஒரே மெஷினில் இருந்தது. பேக்கப் அதே டிரைவில் இன்னொரு ஃபோல்டர். அன்றைக்கு முழுக்க அவன் வீட்டு மாட்டுக்குப் பொங்கல் ஊட்டப் போகாமல், டேட்டாவை மட்டும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பாஸ்வேர்டுகளையெல்லாம் என் லேப்டாப்பிலிருந்து மாற்றவைத்தேன். பேங்க் பாஸ்வேர்டு உட்பட.

அவன் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னப்ப சரியாத்தானே ஆச்சு மச்சான்" என்றான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கு ராத்திரி ஃபேன் சத்தம் அடங்கியது உண்மை. அது அடங்கியதை வைத்துத்தான் அவன் என் அறிவுரையைச் சரி என்று எடுத்துக்கொண்டான், நானும்தான். 2021-ல் அந்த 60%-க்கு எது காரணம் என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது விண்டோஸைத் துடைத்தாயிற்று. அந்தக் கேள்விக்கு இனி விடை கிடைக்காது.